வளையம் கட்டிய கையில் பூச்செண்டு

இன்று காலை மார்த்தாண்டத்திலிருந்து தாள் கட்டு வந்து இறங்கியது. மேலே சுற்றியிருந்த சாக்கைப் பிரித்ததும் புதுக் கிரேப் தாளின் வாசனை எழுந்தது. நனைந்து காய்ந்த குடையோடு கொஞ்சம் மைதாப் பசையைச் சேர்த்தது போல ஒரு வாசனை. வெளியே தூறிக்கொண்டிருந்தது. கை ஈரமாக இருப்பதை மறந்து பச்சைச் சுருளை எடுத்துவிட்டேன். விரலெல்லாம் பச்சை.

“ஏட்டி கிளாடி, ஈரக் கையோட பச்சையத் தொடாண்டாம்னு எத்தன மட்டம் பறயணும் உனக்கு?”

நீ சொல்வாயே, அதே குரல். திரும்பிப் பார்த்தேன். நம் இரண்டு கடைக்கும் நடுவில் இருந்த சுவரை உடைத்து வைத்த வாசலுக்கு அந்தப் பக்கம் உன் வீட்டுக்காரர் பலகை இழைத்துக்கொண்டிருந்தார். இழைப்புளிச் சத்தம் ஒரு நொடி நின்று, பிறகு தொடர்ந்தது. நீ போன பிறகு வருகிற இரண்டாவது மழைக்காலம் இது.

உனக்கு எழுதவேண்டும் என்று பல நாளாக நினைக்கிறேன். கடையில் நின்றால் ஆள் வந்துவிடும், வீட்டில் உட்கார்ந்தால் வேலை வந்துவிடும். இன்று மழைக்கு ஒருவரும் இல்லை. பரிசு சுற்றுகிற பழுப்புத் தாளில் ஒரு துண்டு கிழித்து எழுத ஆரம்பித்துவிட்டேன்.

நம்முடைய முதல் பேச்சே சண்டைதான். என் வீட்டுக்காரர் குவைத்தில் இருந்தார். ஜெனி ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல், தெரிந்த ஒரே வேலையை வைத்துக் கடை போட்டேன். பரிசுப் பொருள் விற்பது, வாங்கியதை அழகாகச் சுற்றிக் கொடுப்பது, பிறந்தநாளுக்குத் தாள் தொப்பி, தாள் விசிறி, தோரணம். கருங்கலுக்குப் போகிற ரோட்டில், பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில், அப்படி ஒரு அறை எனக்கு ஏன் அவ்வளவு சுலபமாகக் கிடைத்தது என்பது ஷட்டரைத் தூக்கிய முதல் நாள்தான் புரிந்தது. பக்கத்து அறையின் வாசலில் சவப்பெட்டிகள் வரிசையாகச் சுவரில் சாய்ந்து நின்றன. மேலே உங்கள் போர்டு. எழுதியவன் கூச்சப்பட்டுக்கொண்டு ‘சவ’ என்பதை விட்டுவிட்டு ‘பெட்டிக்கடை’ என்று மட்டும் எழுதியிருந்தான். வெளியூர் லாரிக்காரர் ஒருவர் அதைப் படித்துவிட்டு வண்டியை நிறுத்தி உன்னிடம் சோடா கேட்டதை நீ எத்தனை பேரிடம் சொல்லிச் சிரித்திருப்பாய்! “சோடா இல்ல அண்ணே, இஞ்ச வந்து சாஞ்சா தாகமே எடுக்காது” என்றாயாம். அவர் வண்டியை எடுத்த வேகத்தை நடித்தும் காட்டுவாய்.

அந்த முதல் வாரத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு பெண் தன் குழந்தைக்குத் தொப்பி வாங்க வந்தாள். கடைப்படியில் கால் வைத்தவள் உன் பெட்டிகளைப் பார்த்தாள். “நாளைக்கு வாறோம்” என்று குழந்தையை இழுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் நேரே உன்னிடம் வந்தேன்.

“இந்தப் பெட்டிய எல்லாம் கொஞ்சம் உள்ள தள்ளி வைக்கக்கூடாதா? எனக்க கடைக்கு வாற ஆளு பேடிச்சு ஓடுது.”

நீ தரையில் உட்கார்ந்து ஈர்க்கிலில் சிவப்புத் தாளைச் சுருட்டிக்கொண்டிருந்தாய். தலையே நிமிரவில்லை.

“எனக்க பெட்டி ஒருத்தரயும் கூப்பிடல்ல பிள்ளே. அது பாட்டுக்கு நிக்குது. ஓடுத ஆள நிப்பாட்டுத மாதிரி உனக்க கடைல வல்லதும் இரிக்கா, அத முதல்ல பாரு.”

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. பதில் சொல்ல வாயெடுத்தவள் உன் கையைப் பார்த்து நின்றுவிட்டேன். தாளின் ஓரத்தை இரண்டு கட்டைவிரலாலும் மெல்ல இழுத்து விரித்தாய். ஓரம் அலையாக நெளிந்தது. அதை ஈர்க்கிலில் வளைத்து, ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றி, அடியில் நூலைப் போட்டு இறுக்கினாய். அப்போதுதான் விரிய ஆரம்பித்த ஒரு ரோஜா உன் கையில் இருந்தது. நானும் தாள் ரோஜா செய்கிறவள்தான். என்னுடையது எல்லாம் முட்டைக்கோஸ் மாதிரி இருக்கும்.

மறுநாள் நான் வரும்போது பெட்டிகள் உள்ளே போயிருந்தன. என் கடைப்பக்கச் சுவரில், மேலிருந்து கீழ்வரை, தாள் ரோஜாச் சரம் ஒன்று தொங்கியது. நன்றி சொல்ல வந்தேன். “சவத்த விடு, சாயா குடிச்சியா?” என்றாய். சொன்ன பிறகுதான் நம் இரண்டு பேருக்கும் அந்த வார்த்தை காதில் விழுந்தது. பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தோம்.

நீ இனயத்துக் கடற்கரையில் பிறந்தவள். கோவில், மாதா, திருப்பலி என்று பேசுவாய். நான் மேட்டுப்பக்கத்துச் சபைக்காரி. சர்ச், பாஸ்டர், கிறிஸ்துமஸ் பஜனை என்பேன். “உனக்க சாமியும் எனக்க சாமியும் ஒரே ஆளுதான், ஆனா ரெண்டு பேருக்கிட்ட ரெண்டு பேரு வாங்கி வச்சிருக்காரு” என்பாய். உன் வீட்டுக்காரர் முன்பு கதவும் ஜன்னலும் செய்துகொண்டிருந்தவர். ஆயத்தக் கதவுகள் கடைகளில் வந்து நின்ற பிறகு, யாரும் ஆயத்தமாக வாங்கி வீட்டில் வைக்காத பொருளுக்கு மாறினார். பெட்டி வாங்க வருகிறவர்கள் அதன்மேல் வைக்க மலர்வளையமும் கேட்டார்கள். நீயாகவே கட்டிப் பழகினாய். வைக்கோலை வட்டமாக முறுக்கி, பச்சைத் தாளைச் சுற்றி, மேலே பூவைக் குத்தி, இல்லாத காலத்தில் தாள் பூவைக் குத்தி. சுற்றுவட்டாரத்தில் எந்தச் சாவுக்கும் உன் வளையம்தான் போகும்.

உனக்குப் பிள்ளைகள் இல்லை. ஜெனி பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பையை என் கடையில் போட்டுவிட்டு உன் பக்கம்தான் ஓடுவாள். பெட்டி மூடிமேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். அதைப் பார்த்துவிட்டு ஊரில் ஒருத்தி என்னிடம் முகம் சுளித்ததும் எனக்கு நினைவிருக்கிறது.

மெல்ல மெல்ல என் வேலையெல்லாம் நம் வேலையாகிவிட்டது. மினுங்கும் பிளாஸ்டிக் தாளை உனக்குக் கண்ணில் காட்டக்கூடாது. “இது பொதிஞ்சா மிட்டாய் மாதிரி இரிக்கு, தூரப்போடு” என்பாய். ஆண்டு முடிந்த சுவர்க் காலண்டர்களை வீடு வீடாகக் கேட்டு வாங்கிவந்தாய். அந்தத் தடித்த தாளை மடித்து நான் பெட்டி செய்வேன், மோதிரமோ கம்மலோ வைக்கிற அளவுக்கு. சாமி படம் வெளியே வரக்கூடாது, தேதி வெளியே வரலாம் என்பது உன் சட்டம். பிறந்தநாளுக்கு உரிய மாதத்தின் தாளைத் தேடி எடுத்துப் பெட்டி செய்து, அந்தத் தேதி சரியாக மூடியின் நடுவில் வருகிற மாதிரி மடிக்கலாம் என்று நீ சொன்னபோது, எனக்கு இதெல்லாம் ஏன் தோன்றவில்லை என்று பொறாமையாக இருந்தது.

பழுப்புத் தாளில் புத்தகத்தைச் சுற்றி, ரிப்பனுக்குப் பதில் பனையோலைக் குருத்தைக் கிழித்துக் கட்டி, முடிச்சில் ஒரு கொத்து மரிக்கொழுந்து செருகிக் கொடுத்தோம். வாங்கியவர் பிரிக்க மனசில்லாமல் மேசைமேல் வைத்திருந்ததாக வந்து சொன்னார். பூவுக்குத் தண்டின் அடியில் ஈரப்பஞ்சு, அதன்மேல் வாழைச்சருகு, அதற்கும் மேலே தாள். “பூவ மூச்சு முட்டச் சுத்தாத. அதுக்கும் வெளிய பாக்கணும்லா” என்று என் கையைத் தட்டிவிடுவாய். மக்கள் போனில் வெளிநாட்டுப் படங்களைக் காட்டி இதே மாதிரி வேண்டும் என்பார்கள். நீ படத்தை வாங்கி, கண்ணுக்கு ரொம்பப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, “இத விட நல்லா செய்யட்டா, இல்ல இதே மாதிரி மோசமா போதுமா?” என்பாய். டிசம்பர் வந்துவிட்டால் இரண்டு கடையிலும் மூங்கில் சீவலும் நட்சத்திரத் தாளும்தான். உன் வீட்டுக்காரர் கூடப் பெட்டி வேலையை ஒதுக்கிவைத்துவிட்டு நட்சத்திரத்துக்குச் சட்டம் கட்டித் தருவார்.

இத்தனையிலும் ஒன்றே ஒன்றில் மட்டும் நீ என்னைக் கிட்டே விடவில்லை. வளையம் கட்டுகிறபோது ஒரு பூவை எடுத்துத் தரக்கூட அனுமதிக்கவில்லை.

“நீ இத தொடாண்டாம். உனக்கு ஒரு மவ இருக்கா. நாளைக்கு அவள நாலு பேரு பெண்ணு கேட்டு வரணும்.”

“இதெல்லாம் நீ நம்புதியா?”

“நான் நம்பல்ல. நம்புத ஆளுவ ஊருல இருக்காவ.”

அதற்குமேல் அந்தப் பேச்சை எடுக்க விடமாட்டாய்.

அப்படியிருக்க ஒருநாள் கல்யாண வீட்டுக்காரர்கள் என் கடைக்குள் பதறி ஓடிவந்தார்கள். நாகர்கோவிலில் சொல்லிவைத்திருந்த பூக்காரர் கைவிட்டுவிட்டார், விடிந்தால் கல்யாணம், மணப்பெண்ணுக்குக் கையில் பிடிக்கப் பூச்செண்டு வேண்டும். நான் சரி என்று சொல்லிவிட்டு உன்னிடம் வந்தேன். நீ கையிலிருந்த நூலைச் சுற்றி வைத்தாய். பிறகு உன் வீட்டுக்காரரைத் தோவாளைப் பூச்சந்தைக்கு ஆட்டோவில் அனுப்பினாய். வெள்ளை ரோஜாவும் சம்பங்கியும் வந்தன. கடையின் பின்பக்கம் உட்கார்ந்து கட்டினாய். அதற்கு மேலுறை நான் செய்தேன், கையால் செய்த தடித்த தாளில், கூம்பு போல, ஓரத்தைக் கத்தரிக்காமல் கிழித்துவிட்டு.

“நான் கெட்டினேன்னு பறயாண்டாம், கேட்டியா.”

அந்தப் பெண் அந்தச் செண்டைக் கையில் வாங்கியதும் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் பார்த்தேன். நீ பார்க்கவில்லை. அதுதான் எனக்கு உறுத்தியது. அடுத்தது வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. எல்லாப் பாராட்டும் எனக்கு. உண்மையைச் சொல்லிவிடுவோம் என்று நான் கேட்கும்போதெல்லாம் நீ சிரித்தாய்.

“அதே ரோசா, அதே நூலு, அதே கையி. வட்டமா கெட்டினா எழவு, கூராக் கெட்டினா கல்யாணம். இத போயி யாருக்குப் பறஞ்சு புரியவைக்க?”

சொல்லாமலே அது வெளியே வந்தது. ஷைனியின் கல்யாணத்தன்று.

ஷைனியின் அம்மா பள்ளிக்கூடத்து டீச்சர். அப்பா இறந்து சில வருஷம் ஆகியிருந்தது. அன்றைக்குக் காருக்குத் தோரணம் கட்டவும், மாப்பிள்ளையின் கோட்டில் பூக் குத்தவும் நாம் இருவருமே சர்ச் வளாகத்துக்குப் போயிருந்தோம். உள்ளே பாடகர் குழு பாடிப் பார்த்துக்கொண்டிருந்தது. செண்டு நம் கூடையில் இருந்தது. நீ அதை எடுத்து என்னிடம் தந்ததை டீச்சரின் நாத்தனார் பார்த்திருக்கிறாள். உன்னை அவளுக்குத் தெரியும். அவள் டீச்சரின் காதில் சொல்வதை நான் தூரத்திலிருந்தே கண்டேன். டீச்சர் பட்டுச்சேலை சரசரக்க நேரே நம்மிடம் வந்தார்.

“இத யாரு கெட்டினது?”

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் நீ முன்னால் வந்துவிட்டாய்.

“நாந்தான் டீச்சர்.”

“பெட்டிக்கடைக்காரியா?”

“ஆமா.”

“எழவு வீட்டுக்கு வளையம் கெட்டுத கையாலயா எனக்க மவளுக்குப் பூ?”

செண்டை என் கையிலிருந்து வாங்கி, எறியவில்லை, சர்ச் படிக்கட்டின் ஓரத்தில் வைத்தார். எறிந்திருந்தால் கூட அவ்வளவு வலித்திருக்காது. சுற்றி நின்றவர்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். நீ முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. கூடையில் நூலையும் கத்திரியையும் எடுத்துப் போட்டாய்.

“வா கிளாடி, போவாம்.”

அப்போது காரின் கதவு திறந்தது. ஷைனி இறங்கினாள். தரையில் புரளும் வெள்ளை உடையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு படிக்கட்டு வரை வந்தாள். திருவனந்தபுரத்தில் நர்ஸாக இருந்த பெண். சத்தம் போட்டுப் பேசத் தெரியாதவள்.

“அம்ம, அப்பாவுக்கு வளையம் கெட்டினது யாரு?”

டீச்சரின் பார்வை படிக்கட்டில் கிடந்த செண்டுக்குப் போனது.

“இவியதானே? அண்ணைக்கு அத எடுத்து அப்பாவுக்க நெஞ்சில வச்சது நான். அப்பாவுக்கு இந்தக் கை கொள்ளாம்னா, எனக்கும் இதே கை போதும்.”

குனிந்து செண்டை எடுத்தாள். கீழே வைத்ததில் ஒரு ரோஜா நசுங்கியிருந்தது. அவள் திரும்பப்போனபோது நீதான் ஓர் அடி முன்னால் வைத்தாய். “ஒரு நிமிஷம் மக்கா” என்று அவள் கையிலிருந்தபடியே அந்தப் பூவை மட்டும் உருவி, பக்கத்து இலையை அந்த இடத்துக்குத் திருப்பிவிட்டாய். “இப்ப செரியா இரிக்கு. போ.”

டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டார். கல்யாணம் நடந்தது.

திரும்பும்போது ஆட்டோவில் நீ ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தாய். அவமானத்தில் இருக்கிறாய் என்று நினைத்துக் கூடையை நான் வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். கடை நெருங்கும்போது, “அவளுக்க அப்பாவுக்கு நான் வெள்ள வச்சேனா, செவப்பு வச்சேனா? ஓர்ம வரல்லியே கிளாடி” என்றாய். உடனே முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதாய். அத்தனை வருஷத்தில் நீ அழுது நான் பார்த்தது அப்போதுதான்.

அந்த மழைக்காலம் முழுக்க நமக்குக் கல்யாண வேலை ஒன்றும் வரவில்லை. ஊர் முழுக்கப் பேச்சு. குவைத்திலிருந்து என் வீட்டுக்காரர் வேறு அறை பார்க்கச் சொன்னார். நீயும் அதையே சொன்னாய். இனிமேல் செண்டு தொடமாட்டேன் என்றாய். நான் அன்றைக்குத்தான் உன்னிடம் குரலை உயர்த்தினேன்.

“நீ கெட்டாட்டி அந்தப் பிள்ள குனிஞ்சு எடுத்ததுக்கு என்ன அர்த்தம்?”

நீ எழுந்து உள்ளே போனாய். பெட்டிக்குப் பின்னால் பலகை இழைத்துக்கொண்டிருந்த உன் வீட்டுக்காரர், வழக்கமாக இரண்டு பேர் பேச்சிலும் தலையிடாதவர், கடப்பாரையோடு வந்து நின்றார். “சுவரு இல்லாட்டி ஒருத்தரும் ஒளிஞ்சு செய்யாண்டாம்லா” என்றார். கட்டட உரிமையாளரிடம் கேட்டீர்களா என்றால், கேட்டாச்சு என்றார். நான் கேட்கும் முன்னாலேயே கேட்டு வைத்திருந்தார் அந்த மனுஷன். அப்படித்தான் அந்த வாசல் வந்தது. போர்டையும் ஒன்றாக்கினோம். இடது ஓரத்தில் செண்டு, வலது ஓரத்தில் வளையம், இரண்டையும் நீதான் வரைந்தாய்.

நம்மை விட்டுப்போன வாடிக்கைக்காரர்களில் பலர் திரும்பி வரவேயில்லை. புதிதாகச் சிலர் வந்தார்கள். ஷைனியோடு வேலைபார்த்த நர்ஸ் பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கல்யாணத்துக்கு நம்மைத் தேடி வந்தார்கள். இரண்டு டிசம்பர் கழித்து டீச்சரே ஒரு நட்சத்திரம் வாங்க வந்தார். நீ ஒன்றும் காட்டிக்கொள்ளாமல் கிழியாதபடி மடித்துப் பொதிந்து கொடுத்தாய். வாங்கிக்கொண்டு, “நல்லா இரிக்கு” என்றார். நட்சத்திரத்தைத்தான் சொன்னாரா என்று பிறகு நாம் சாயா குடித்துக்கொண்டே ஆராய்ந்தோம்.

உன் காய்ச்சலைச் சாதாரணக் காய்ச்சல் என்றுதான் நாம் எல்லோரும் நினைத்தோம். மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தாய். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது உனக்கு மூச்சு வாங்கியது. கட்டிலில் படுத்துக்கொண்டும் உனக்குக் கடை நினைப்புதான். “தோவாளையில வெள்ள ரோசா சொல்லி வச்சிருக்கு. மறந்திராத” என்றாய். மறக்கமாட்டேன் என்றேன். ஜெனியின் கையைப் பிடித்து, “மெலிஞ்சு போனா இவ” என்றாய். மறுநாள் விடியும்போது நீ இல்லை.

உன் வீட்டுக்காரர் கடையில் ஆயத்தமாக நின்ற எந்தப் பெட்டியையும் தொடவில்லை. உனக்கு அலமாரி செய்து தர என்று வெகுநாளாக ஒதுக்கிவைத்திருந்த அயனி மரப் பலகைகளை இறக்கினார். யாரையும் உதவிக்கு விடாமல் அறுத்தார், இழைத்தார், அடித்தார். முடித்துவிட்டு நிமிர்ந்து, நீ வைக்கோல் முறுக்கி வைத்திருந்த வளையச் சட்டங்கள் தொங்குகிற ஆணியைப் பார்த்தார்.

“வளையம்...” என்றவர் அப்படியே நிறுத்திவிட்டார்.

அத்தனை பேருக்கும் அப்போதுதான் உறைத்தது. இந்தப் பக்கத்தில் வளையம் கட்டுகிற ஒரே ஆள் நீதான். மார்த்தாண்டத்தில் பிளாஸ்டிக்கில் கிடைக்கும் என்று யாரோ சொன்னார்கள். நான் போய் ஆணியிலிருந்து ஒரு சட்டத்தை எடுத்தேன்.

பக்கத்து வீட்டு அக்கா என் தோளைத் தொட்டாள். “கிளாடி, கெட்டிக்குடுக்கப் பெண்ணு நிக்குத வீடு. நீ தொடாண்டாம். அவளே உன்ன தொடவிட்டதில்லியே.”

அது உண்மைதான். என் கை நின்றது. ஜெனி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்போது அவள் படிப்பு முடித்து வேலைக்குப் போகிற பெண். அழுது வீங்கிய முகத்தோடு, “அம்ம, நீ கெட்டு. நான் பூ எடுத்துத் தாறேன்” என்றாள்.

தோவாளைக்குப் போக ஆள் இல்லை. வாளியில் கொஞ்சம் சம்பங்கி மிச்சம் இருந்தது. போதவில்லை. கிறிஸ்துமஸுக்கு என்று நீ முன்கூட்டியே செய்து அடுக்கிவைத்திருந்த சிவப்புத் தாள் ரோஜாக்களை ஜெனி எடுத்துவந்தாள். அதையே குத்தினேன். எனக்கு வளையம் கட்டத் தெரியாது, தெரியுமா? பார்த்திருக்கிறேனே தவிரக் கை பழகியதில்லை. பூவை ஒரு பக்கம் குத்தினால் இன்னொரு பக்கம் தூக்கியது. நூல் இழுத்த இழுப்புக்கு நிற்கவில்லை. முடித்துத் தூக்கிப் பிடித்தபோது அது வட்டமாக இல்லை, மாங்காய் மாதிரி இருந்தது.

உன் வீட்டுக்காரர் வாங்கிப் பார்த்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஒரு பக்கம் சாஞ்சிருக்கு” என்றார். பிறகு, “அவ கண்டிருந்தா அவுத்துத் திரும்பக் கெட்டச் சொல்லியிருப்பா” என்றார். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. சிரித்துக்கொண்டே அவர் மரச்சீவல் குவியலில் உட்கார்ந்து, அதுவரை அடக்கிவைத்திருந்ததை எல்லாம் அழுது தீர்த்தார்.

அந்தக் கோணல் வளையம்தான் உன்மேல் போனது. உங்கள் மாதா கோவிலில் ஜனம் நிறைந்திருந்தது. பின்வரிசைகளில் எனக்குத் தெரிந்த முகங்கள் சில. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற ஒருத்தி தன் கல்யாணத்தன்று நீ கட்டிய சம்பங்கி பிடித்திருந்தாள். தூணில் சாய்ந்து நின்றவள் மஞ்சள் ஜெர்பெரா. அவர்கள் பெயர் எனக்கு மறந்துவிட்டது, பூ மறக்கவில்லை. ஷைனி அப்போது அயர்லாந்தில் இருந்தாள். அவளுடைய அம்மா, அந்த டீச்சர், முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். கடைசிவரை இருந்தார். குழி மூடிய பிறகும் இருந்தார்.

அதன் பிறகு வளையம் கேட்டு வந்தவர்களை நான் திருப்பி அனுப்பவில்லை. இப்போது வட்டமாகவே வருகிறது. ஜெனிக்கு முதலில் வந்த வரன் இதைக் கேள்விப்பட்டதும் பேச்சை நிறுத்திக்கொண்டது. நீ பயந்தது நடந்துவிட்டதே என்று நான் ஒரு வாரம் தூங்கவில்லை. ஜெனி மட்டும் அசையவில்லை. அடுத்து தக்கலைப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. உட்கார்ந்து காப்பியை எடுத்ததுமே அவள் சொல்லிவிட்டாள்: “எங்க அம்ம கல்யாணத்துக்குப் பொக்கேயும் கெட்டுவா, எழவுக்கு வளையமும் கெட்டுவா. அது செரியாவுமான்னு இப்பமே பறஞ்சிருங்க.” பையனின் அம்மா காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு, யோசித்துச் சொல்கிறோம் என்றார்.

போன வாரம் ஒரு மத்தியானம் நான் அவசரமாக ஒரு வளையம் கட்டிக்கொண்டிருந்தேன். அதை எடுத்துப்போக வண்டி வந்துவிடும் நேரம். நிழல் விழுந்ததென்று நிமிர்ந்தால் அந்தத் தக்கலைப் பையனின் அம்மா வாசலில் நிற்கிறார். முன்கூட்டிச் சொல்லவும் இல்லை. நான் பதறி எழுந்தேன்.

“இரிங்க, கை கழுவிட்டு வாறேன்.”

“எதுக்கு?” என்றார். “அங்க ஒருத்தர் காத்துக் கெடக்காருல்லா. முடிச்சிட்டே வாங்க.”

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, முக்காலியை இழுத்துப் போட்டு எனக்கு எதிரே உட்கார்ந்தார். வளையம் ஆடாமல் இருக்க அந்தப் பக்கத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். இறந்தவர் யார், என்ன வயது, பிள்ளைகள் இருக்கிறார்களா என்று கேட்டார். சொன்னேன். “பாவம்” என்றார். தை மாதத்தில் கல்யாணம் வைத்துக்கொள்ளலாமா என்றும் அதே மூச்சில் கேட்டார்.

நான் தலையாட்டிக்கொண்டே கடைசி முடிச்சைப் போட்டு, நூலைப் பல்லால் கடித்து அறுத்தேன். சம்பந்தம் பேச வந்தவர் முன்னால் இப்படிக் கடிக்கலாமா என்று பிறகுதான் தோன்றியது. அது உன் பழக்கம். கத்திரி மடியிலேயே கிடக்கும், நீ நூலைக் கடிப்பாய். நான் திட்டுவேன். அன்றைக்கும் கத்திரி என் மடியில்தான் கிடந்தது. எந்த நாளில் இந்தப் பழக்கம் என்னிடம் வந்து சேர்ந்தது என்று எனக்குத் தெரியவேயில்லை.